எண்பத்தேழாம் பக்கத்து எதிரி

‘புத்தகத்தில் எழுதாதீர்கள்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி மாட்டியிருந்த பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நாகேஸ்வரன் அந்தக் காரியத்தைச் செய்தார். வாசகசாலை முத்திரை குத்திய புத்தகத்தின் எண்பத்தேழாம் பக்க ஓரத்தில், நீல மையில், கொட்டை எழுத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதிவிட்டார்.

எழுதிய பிறகுதான் தலைக்கு மேலிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார். தலைமைச் செயலகத்தில் முப்பத்திரண்டு வருஷம், அடுத்தவர் எழுதிய கோப்புகளின் ஓரத்தில் ‘ஆதாரம்?’ கேட்டே பழகிய கை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார்; கை இன்னும் பெறவில்லை.

முழுப் பழியையும் அவர் மேல் போட முடியாது. அந்தப் புத்தகத்தை எழுதியதே அவர்தான். ‘வழிபாடும் வாழ்வோரும்: தென்கோடிச் சமயங்களின் சமூகவியல்.’ ஒன்பது வருஷ உழைப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நூற்று நாற்பது பக்கம் அடிக்குறிப்பு. அதன் மேல் எவனோ பென்சில் வைத்திருந்தான். ‘மாடனுக்குச் சுருட்டுப் படைப்பது பிற்காலத்து வழக்கம்’ என்ற வரிக்குப் பக்கத்தில், “தப்பு. எங்க பூட்டன் காலத்துலயே உண்டு.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி சூடாமணியிடம் முறையிட்டார்.

“எவனோ என் புஸ்தகத்துல ‘தப்பு’ன்னு எழுதி வச்சிருக்கான்டீ!”

சூடாமணி சேனைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள். “அப்போ ஒருத்தன் வாசிச்சிருக்கான்! சந்தோஷப்படுங்கோ.”

“நீ வாசிச்சியோ?”

“அட்டை நன்னாயிருக்குன்னு அன்னிக்கே சொன்னேனே.”

மகன் அபிஜித்தைக் கேட்டபோது, “பைண்டிங் அடிபொளி அப்பா” என்றிருந்தான். தம்பி, “நல்ல கனம்” என்றான். புத்தகம் வந்து மூன்று வருஷமாகிறது. நேரான பதில் ஒருவரிடமிருந்தும் வரவில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கரமனையில் அந்தச் சின்ன வாசகசாலைக்குத் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று ஒரே ஒரு அலமாரி. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்களை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடிப் பின்னறைக்கு அனுப்பிவிடும். அங்கே கால் உடைந்த நாற்காலிகளும் ஓடாத மின்விசிறிகளும் இருந்தன. தன் ஆய்வு அந்தக் கூட்டத்தில் சேருவதை நாகேஸ்வரனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் அவரே எடுத்தார். பதினைந்து நாள் வீட்டில் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பார். மூன்று நாள் கழித்து மறுபடி எடுப்பார். புத்தகத்தின் பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டு முத்திரைகளால் நிரம்பி, இரண்டாவது சீட்டும் ஒட்டியாகிவிட்டது. தன் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தானே திருத்தும் வாத்தியாரின் பெருமிதத்தோடு அதை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வார்.

அடுத்த முறை எடுத்தபோது ‘ஆதாரம்?’ என்பதற்குக் கீழே பதில் வந்திருந்தது.

“சாமியாடி வாய்விட்டுக் கேக்கு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

எழுத்து முந்தியதைப் போல இல்லை, வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ‘அடையாளம் தெரியக் கூடாதென்று எழுத்தை மாற்றுகிறான். அப்படியானால் பெரிய படிப்பாளிதான்’ என்று நாகேஸ்வரன் தீர்மானித்தார். அவருக்குத் தெரிந்த பெரிய படிப்பாளி ஒருவர்தான்: புத்தகத்துக்கு அணிந்துரை எழுதிய ஓய்வுபெற்ற பேராசிரியர் வெங்கிடேஷ். உடனே போன் போட்டார்.

“வெங்கிடேஷ், குறையிருந்தா மூஞ்சிக்கு நேரே சொல்லப்படாதோ? திருட்டுத்தனமா எண்பத்தேழாம் பக்கத்துல பென்சில் எதுக்கு?”

“எந்தப் புஸ்தகத்துலடா?”

“என் புஸ்தகத்துல! நீ அணிந்துரை எழுதினியே!”

“அணிந்துரைதானே எழுதினேன்? வாசிச்சேன்னு எப்போ சொன்னேன்?”

“‘வரிவரியாகச் சுவைத்தேன்’னு அச்சுல இருக்கேடா!”

“அது எல்லாருக்கும் எழுதறதாக்கும்” என்றார் வெங்கிடேஷ், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆக எதிரி வேறு ஆள். நாகேஸ்வரனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பேனாவுக்குப் புது மை நிரப்பினார்.

நாலு மாதம் போர் நடந்தது. அவர் நீலத்தில் கேட்பார். எதிரி பென்சிலில் பதில் சொல்வான். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அவர் சொன்ன மாதத்தைப் பென்சில் அடித்துத் திருத்தியது. அவர் கல்வெட்டைக் காட்டினார். “கல்லுல வெட்டினவனுக்கு எங்க ஊர்ல மழை எப்பம்னு தெரியுமா?” என்றது பென்சில். இருநூற்று மூன்றாம் பக்கத்தில், “எங்க ஊர் சர்ச் தேருக்கு முதல் வடம் கோயில்தெரு ஆளுங்கதான் பிடிக்கணும். இதை ஏன் விட்டீங்க?” என்று கேட்டிருந்தது.

நாகேஸ்வரன் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடினார். உண்மையாகவே விட்டுத்தான் போயிருந்தது. நூற்று நாற்பது பக்க அடிக்குறிப்பில் எங்கும் அது இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மேலே ‘இரண்டாம் பதிப்புக்கு’ என்று எழுதிக் கோடு போட்டார்.

ஆனால் தோல்வியை ஒரு வரியில் ஒப்புக்கொள்ள அவரால் முடியாது. விளக்கம் நீண்டது, ஓரத்தில் இடம் போதவில்லை. தனித் தாளில் எழுதிப் பசை தடவி ஒட்டினார். பசை அதிகமாகி, எதிர்ப் பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஆவியில் காட்டினால் பிரியும் என்று இட்லிப் பானை மேல் பிடித்தார். பக்கம் பிரியவில்லை, அட்டை பிரிந்தது. புத்தகம் ஆப்பம் மாதிரி நடுவில் உப்பி நின்றது.

“இட்லி எங்கேன்னா?” என்றாள் சூடாமணி.

“இரு. சமயம் வெந்துண்டிருக்கு.”

அந்த நேரம் பார்த்து நூலகர் ஆஷாவின் போன். “சாரே, ஞாயிறாழ்ச கமிட்டி கூடுது. வீட்டுல இருக்கிற புத்தகத்த சனியாழ்சக்குள்ள திரிச்சுத் தரணும்.”

சனிக்கிழமை காலை நாகேஸ்வரன் இரண்டு பிரதிகளோடு போனார். ஒன்று உப்பியது. இன்னொன்று, வீட்டுக் கட்டிலுக்கடியில் குவிந்து கிடந்த புதுப் பிரதிகளில் ஒன்று. உப்பியதைக் கவுண்டரில் கவிழ்த்து வைத்தார். ஆஷா வேறு யாரோடோ பேசிக்கொண்டே அதை வாங்கி, தேதி குறித்து, அலமாரியில் செருகினாள். அவள் முதுகு திரும்பியதும் புதியதை அலமாரியில் வைத்து, உப்பியதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். புதியதில் வாசகசாலை முத்திரை இல்லைதான். அதைத் திறந்து பார்க்க யார் வரப்போகிறார்கள்?

வாசற்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சாரே, அந்த சஞ்சியில எந்தா?”

பையிலிருந்து புத்தகம் வெளியே வந்தது. பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்தார்கள். அட்டையில் இருந்த புகைப்படத்தையும் நாகேஸ்வரனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எழுதியவரே எழுதியதைத் திருடும் காட்சி கரமனையில் அதுவரை நடந்ததில்லை.

“நீல மசி என்னோடது” என்றார் நாகேஸ்வரன். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் முதுகு தானாக நிமிர்ந்தது. “பசை, ஆவி எல்லாம் நான்தான். நாளைக்குக் கமிட்டி முன்னாடியும் இதையே சொல்றேன். பின்னறைக்கு வேணும்னாலும் அனுப்பிக்கோங்கோ. ஆனா அந்தப் பென்சில் யாருன்னு மட்டும் சொல்லிடும்மா. மூணு வருஷத்துல என் புஸ்தகத்தை நெஜமா வாசிச்சவன் அவன் ஒருத்தன்தான். ஒரு தடவை அவன் கையைப் பிடிச்சுண்டு...”

ஆஷா உப்பிய பக்கங்களை மெல்லப் புரட்டினாள்.

“ஒரு ஆளோ? சார் காலையில வந்துட்டுப் போறீங்க, அதான் தெரியல. சாயங்காலம் பணி கழிஞ்சு வருவாங்க. கிள்ளிப்பாலத்துல கட்டடப் பணிக்குப் போற சுடலைக்கண்ணு, ஹோட்டல்ல நிக்கிற உலகம்மாள் அக்கா, துணிக்கடை ஜெபமலர்... பத்தொம்பது பேரு, எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். ஒருத்தர் உரக்க வாசிப்பாரு, மத்தவங்க கேட்டுட்டு சண்டை போடுவாங்க. ஜெயிச்சவங்க எழுதுவாங்க. இங்க விலாசம் இல்லாததால மெம்பர்ஷிப் கிடையாது. வீட்டுக்குக் கொண்டு போக முடியாதுல்லா?”

பத்தொன்பது பேர்! நாகேஸ்வரனின் சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. உடனே போய் வெங்கிடேஷிடம் சொல்ல வேண்டும். சூடாமணியிடமும் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புஸ்தகத்தைப் பத்தி அவா என்னதான் சொல்றா? ஒளிக்காம சொல்லு ஆஷா.”

ஆஷா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நாளைக்குக் கமிட்டிக்கு வைக்க பராதி குடுத்திருக்காங்க சார், பத்தொம்பது கையெழுத்தும் உண்டு: ‘இந்த ஒரு புத்தகத்தை எங்களைப் படிக்க விடாம எப்பவும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற அந்த மெம்பரோட கார்டைப் பிடுங்கணும்.’”