ரத்தம் குடிக்காத அசுரன்

"இன்னாமா அது, புராணமா?" என்று தறியில் உட்கார்ந்தபடியே மாமியார் வள்ளி கேட்டபோது, சங்கீதா "ஆமாங்க அத்த" என்று சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் கையிலிருந்தது சிட்டிபாபுவின் வாடகை நூலகத்தில் எடுத்த ஆங்கிலக் காதல் கதை. ரத்தம் குடிக்கும் இளைஞன் ஒருவன் கல்லூரிப் பெண்ணைக் காதலித்துவிட்டு, அவள் கழுத்தைக் கடிக்காமலிருக்கப் பன்னிரண்டு பாகங்களாகப் பாடுபடுகிறான். தறி வீட்டில் கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் பேச்சு விழும். அதனால் பரணிலிருந்த புராணத்தின் அட்டையைக் கழற்றி, குங்குமப் பொட்டோடு அதற்கு மாட்டியிருந்தாள்.

"அப்போ சத்தமாப் படி. கைதான வேல செய்யுது, காது சும்மாத்தான் இருக்குது."

சங்கீதா ஏனாத்தூர் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். படிப்பு அன்றுதான் உபயோகப்பட்டது. இளைஞனை அசுரனாக்கினாள், கல்லூரியை நந்தவனமாக்கினாள்.

"ரத்தமே தொட மாட்டேன்னு விரதமா? அசுரனா இருந்தாலும் நல்ல புள்ள" என்றாள் வள்ளி.

மறுநாள் மத்தியானம் வள்ளி தானே காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. சங்கீதா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இனி எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

வள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மருமவ புராணம் படிக்கிறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாரக் கடைசியில் தறிக்கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ராஜவேலுதான் முன்வரிசை.

ஒன்பதாம் பாகத்தில் அசுரன் கோபித்துக்கொண்டு, காதலியை ஆற்றங்கரையில் விட்டுப் போய்விட்டான். சங்கீதா சிட்டிபாபுவிடம் ஓடினாள்.

"பத்தாவது வெளிய போயிருக்குதுமா. எடுத்தவரு பெரிய மனுஷரு, கேக்க முடியல. இத எடுத்துக்கினு போ. வேற செட்டு, ஆனா இதுலயும் பல்லுதான். பதினாலு பாகம்."

வாடகைப் புத்தகம் படிப்பவர்கள், ஏற்கெனவே படித்ததென்று தெரிய ஏதாவது ஒரு பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டுவைப்பார்கள். முந்தைய ஒன்பது பாகங்களிலும் இருபத்தேழாம் பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னதாக வேல் வரைந்திருந்தார்கள். இதிலும் அதே வேல் இருந்தது. நம்மைப்போல இன்னொரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கீதா புதுக் கதையின் அசுரனை அதே காதலியிடம் கொண்டுவந்து விட்டாள். அன்றே சண்டை வந்தது.

"முந்தா நாள் வரிக்கும் வெயில் பட்டா சுருண்டுக்கினு வுழுந்தான். இன்னிக்கு வெயில்ல நின்னு சிரிக்கிறான்?" என்றார் ராஜவேலு.

"இது... வேற அசுரன் மாமா."

"இவன் எப்பப் பாத்தாலும் பல்ல இளிச்சிக்கினு இருக்கான். அவன்தான்மா அசுரன்!"

"இவன் கவித சொல்றான். அவன் ஒரு நாளாவது சொன்னானா?" என்றாள் அவர் மனைவி.

கூடம் இரண்டு கட்சியானது. சமாதானம் செய்யப்போன சங்கீதா, "ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்க" என்றாள்.

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே பொண்ணா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

தறியில் வள்ளி ஓட்டிக்கொண்டிருந்த நாடாக்கட்டை நின்றது. "எந்தப் புராணத்துலமா இருக்குது இது?"

"ஓதுவாரையே கூட்டிக்கினு வந்து கேட்டுடலாம்" என்றார் ராஜவேலு.

மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு கோயில் ஓதுவார் கலியாணசுந்தரம் வந்தார். புராணத்தில் ஒரு சொல் பிசகினாலும் விடாத மனிதர். உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"புத்தகத்தக் குடுமா."

சங்கீதா புத்தகத்தைக் கொடுத்தாள். தனக்குத் திட்டு விழுந்தால் போகிறது, தெருவெல்லாம் பெருமை பேசிய அத்தை இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று அழுகை வந்தது.

ஓதுவார் அட்டையைப் பார்த்தார். பிரித்தார். பத்துப் பதினைந்து தாள் புரட்டி ஓரிடத்தில் நின்றார். பிறகு புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பொண்ணு சரியாத்தான் படிக்குது. ரெண்டும் வேற வேற வம்சம். அண்ணன் தம்பின்னு சொன்னதுதான் தப்பு."

ராஜவேலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ ஆத்தங்கரையில வுட்டுட்டுப் போனானே மொத அசுரன், அவன் திரும்பி வந்தானா சாமி?" என்று கேட்டாள்.

ஓதுவார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வழியனுப்ப வந்த சங்கீதாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பத்தாம் பாகம் எங்கிட்டதான்மா இருக்குது. இன்னும் இருவது பக்கம் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுறேன்."