கிணற்றில் கண்ணம்மா, சமையலறையில் கொள்ளுத்தாத்தா

வாடகை வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லாருமே ஹவுஸ் ஓனரிடம் அவஸ்தைப்பட்டவர்கள்தான். அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் ஹவுஸ் ஓனரின் கொள்ளுத்தாத்தாவிடமும், அந்தக் கொள்ளுத்தாத்தாவின் இரண்டு பெண்டாட்டிகளிடமும் அவஸ்தைப்பட்டவன் பல்லாவரம் முதல் வண்டலூர் வரை நான் ஒருவன்தான். இத்தனைக்கும் நான் அங்கே குடிபோவதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே அவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீட்டின் பின்பக்கப் போர்ஷனுக்கு நானும் மாலதியும் வந்து சேர்ந்தோம். முன்பக்கத்தில் ஓனரும் அவர் மனைவியும். ஓனருக்கு ஒரு காலத்தில் சேலையூர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. பிளாட் போட்டு விற்றபின் வேலை என்று எதுவும் இல்லை, வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. எதைக் கேட்டாலும் கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி, தாத்தா, அப்பா வழியாக இறங்கித்தான் பதிலுக்கு வருவார். குழாயில் வாஷர் போய்விட்டது என்று சொன்னாலும் இதே பாதைதான். எங்களுக்கு முன்னால் இருந்த குடித்தனக்காரர்கள் அவருக்கு ‘நாலு தலைமுறை’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குடிவந்த அன்றே, கிணற்றுக்கு மோட்டார் எப்போது போடுவார் என்று கேட்டுவிட்டேன். லாரியிலிருந்து இறக்கிய எங்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவள் பச்சையம்மா, இளையவள் கண்ணம்மா. ஒரு கோடையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றிப்போக, கண்ணம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கிணற்றில் இறங்கினாளாம். ஏறி வரவில்லை. விடிந்து பார்த்தால் கிணறு நிரம்பி, தண்ணீர் இளநீராக இனித்ததாம். இளையவளுக்கு இவ்வளவு பேரா என்று பொறுக்க முடியாமல், மூத்தவள் செத்த கையோடு கிணற்றடியிலேயே வேப்பமரமாக முளைத்துக்கொண்டாள்.

“மோட்டார் சத்தம் கண்ணம்மாக்கு ஆவாது சார். உள்ள தூங்கிகினு கீறாங்க” என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க ஓடும் முன் கயிறு இழுத்துக் குடம் குடமாக நிரப்பிவிட்டுத்தான் ஓடினேன்.

தண்ணீரில் எப்போதும் வேப்பிலை மிதக்கும். கிணற்றுக்கு மேல் ஒரு வலை போடலாமே என்று மாலதி சொன்னதற்கு, அது சக்களத்திச் சண்டை, குடித்தனக்காரர்கள் நடுவில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இலை விழுந்தால் பச்சையம்மா வம்புக்கு இழுக்கிறாள். தண்ணீர் கலங்கினால் கண்ணம்மா பதில் சொல்கிறாள். ஆடி மாதக் காற்றில் சண்டை உச்சத்தில் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சண்டையைக் காய்ச்சிக் குடித்தோம்.

கொள்ளுத்தாத்தாவுக்கே இந்தச் சண்டை தாங்கவில்லை போலிருக்கிறது. அவர் பல்லியாகி எங்கள் சமையலறை டியூப்லைட்டுக்குப் பின்னால் வந்து ஒதுங்கியிருந்தார். மாலதிக்குப் பல்லி என்றால் உயிரே போய்விடும். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். மேலே விழுந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அதைப் பார்த்துவிட்டு நாலு தலைமுறை, படித்த பெண்ணாக இருந்தும் பெரியவர்கள் முன்னால் என்ன அடக்கம் என்று தெருவெல்லாம் சொல்லி மெச்சினார். வெள்ளிக்கிழமை தோறும் சமையலறைக்கே வந்து கொள்ளுத்தாத்தாவை நலம் விசாரிப்பார். ஒரு தடவை துடைப்பத்தை ஓங்கிய நிலையில் நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கிவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

தாத்தா விஷயம் தனி. அவர் விசில் அடித்தால் ரயில் நிற்குமாம். தண்டவாளம் போட்ட காலத்தில் எருமைகளை ஓட்டிக்கொண்டு குறுக்கே போனவர், விசில் அடித்தபடி கையைக் காட்டினார், ரயில் நின்றது, கடைசி எருமை கடந்து அவர் தலையாட்டும் வரை நகரவில்லை. அந்தச் சக்தி வீட்டோடு தங்கிவிட்டதால் அங்கே யாரும் விசில் அடிக்கக் கூடாது என்பது சட்டம். எனக்கோ முகச்சவரம் செய்யும்போது விசில் தானாக வந்துவிடும். ஒரு நாள் அப்படி அடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் சிக்னல் கோளாறு, ஒரு வண்டியும் நகரவில்லை. பிளாட்பாரமே புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பழம் வாங்க வந்த நாலு தலைமுறை என்னைப் பார்த்துவிட்டார்.

“காலைல நீங்கதானே சார் அடிச்சீங்க?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். என்ன அடித்தேன் என்று தெரியாத கூட்டம் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றது. ஆபீஸ் போகும் வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, கதையை நாம் சரியாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகக் கூடாது. ஒரு தடவை வாய் தவறி, மூத்தவள் கண்ணம்மா என்று சொல்லிவிட்டேன். அன்று கிணற்றுக் கயிறு என் கைக்குக் கிடைக்கவில்லை. ஓட்டல் சாப்பாடு, ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவல் என்று ஆகிவிட்டது. நானாவது வெளியாள். வண்டலூரில் ஒரு கல்யாணத்தில் அவருடைய சொந்தப் பங்காளி, ஒரு சுவாரசியத்துக்காக, கண்ணம்மா கிணற்றில் இறங்கியபோது வானத்தில் மின்னல் வெட்டியது என்று ஒரு மின்னலைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். நாலு தலைமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை மூடிவிட்டு எழுந்தார். இல்லாததைக் குடும்பத்தில் சேர்க்கிற ஆளோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அந்த மின்னலுக்காகக் கடைசி வரை பங்காளி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஓனர் மனைவி மட்டும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். இப்படி ஒரு மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாரோ என்று நாங்கள் வியந்துகொள்வோம்.

அந்த வீட்டில்தான் எங்கள் பெண் வித்யா பிறந்தாள். நடந்தாள், சிரித்தாள், சொன்னதெல்லாம் புரிந்துகொண்டாள். பேச மட்டும் இல்லை. மூன்று வயது முடிந்தும் அம்மா என்ற ஒரு சொல் வரவில்லை. காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் குறை ஒன்றும் இல்லை, பேசும், பொறுத்திருங்கள் என்றார். பொறுப்பது எங்களால் முடிந்தது. மற்றவர்கள் கேட்கிற கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. மாலதி கல்யாணம், காதுகுத்து என்று எங்கும் போவதை நிறுத்திவிட்டாள். ராத்திரியில் குழந்தை பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் காதில் அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

திருச்சியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை வைத்துக்கொண்டே மாலதியிடம் கேட்டுவிட்டாள்.

“நம்ம பக்கத்துல யாரும் இப்படி இல்ல. உங்க வம்சத்துல யாராவது உண்டா?”

மாலதி கொடியில் காய்ந்த துணியை எடுக்கிற மாதிரி கொல்லைப்புறம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அக்காவை என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, கொள்ளுத்தாத்தாவை விசாரிக்க வந்து சமையலறையில் நின்றிருந்த நாலு தலைமுறை வெளியே வந்தார்.

“எங்க வம்சத்துல உண்டும்மா” என்றார்.

அக்கா திகைத்துப்போனாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “செங்கேணி அத்தை. எங்க அப்பாவோட அக்கா. அஞ்சு வயசு வரிக்கும் ஒரு பேச்சு கெடையாது. சும்மா இல்ல, உள்ள சேத்து வச்சுகினு இருந்துச்சு. மொதல் வார்த்த பேசிச்சு பாரு, போன மழை திரும்பி வந்து சேலையூர் ஏரி ரொம்பிச்சு.”

குழந்தை உங்கள் குடும்பம் இல்லையே என்று அக்கா விடாமல் கேட்டாள். அவர் அதற்கும் அசரவில்லை.

“பொறந்ததுலேர்ந்து எங்க கண்ணம்மா தண்ணி குடிச்சு வளருது. அப்ப எங்க வூட்டுப் பொண்ணு இல்லாம யாரு?”

அக்கா அடுத்த நாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது உண்மை. கூடவே, இத்தனை வருஷத்தில் இந்த அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையே, விட்டுப்போனது இவள் ஒருத்திதான், இனிமேல் இவளையும் சுமக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டேன்.

பயந்தபடியே ஆயிற்று. தினமும் சாயங்காலம் வந்து வித்யாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு நாலு தலைமுறைக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார். ஊரில் அவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்ததே இல்லை. குறுக்கே பேசுவதில்லை, மூத்தவள் இளையவளை மாற்றிச் சொல்வதில்லை. ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்தால் கூடத்தில் கொள்ளுத்தாத்தா செத்துக்கொண்டிருப்பார். சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் தாத்தா எருமை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். நடுநடுவே செங்கேணி அத்தை வாயே திறக்காமல் வந்துபோவாள். இந்த இரைச்சலில் பேச நினைக்கிற குழந்தைகூடப் பேசாது என்று மாலதியிடம் எரிந்து விழுந்தேன். அவள், வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்களை விட இவர் தேவலை என்றாள்.

ஒரு மே மாதக் காலை. வெயில் அதற்குள் முதுகில் ஏறியிருந்தது. கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். என்னையறியாமல் விசில் வந்துவிட்டது. யாரோ என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தேன். வித்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“விசில் அடிக்காதப்பா, ரயில் நின்னுடும்.”

பாதி முகம் சோப்பு நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாலதி கரண்டியோடு ஓடி வந்தாள். மறுபடி சொல்லச் சொன்னோம். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை திட்டுகிற குரலில். நாங்கள் இரண்டு பேரும் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதோம். நாலு தலைமுறை வந்து பார்த்தார். அவர் ஆச்சரியப்படவே இல்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகம் கிடையாது.

“மழ எங்க சார்?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“வரும் சார், அவசரப்படாத. அது ரொம்பத் தூரம் போயிட்டுது, திரும்பி வரணும் இல்ல?” என்று எரிந்து விழுந்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். அன்று ரயில் நின்றதா ஓடியதா என்று எனக்குத் தெரியாது. நான் ஆபீஸுக்கே போகவில்லை.

அதற்குப் பிறகு வித்யா வாயை மூடவில்லை. மூன்று வருஷ பாக்கியை வட்டியோடு தீர்த்தாள். கிணற்றடியில் அவரும் இவளும் போட்டி போட்டுக்கொண்டு கதை சொல்வார்கள். பச்சையம்மா தரப்பு ஒருவர், கண்ணம்மா தரப்பு ஒருவர். என் காதுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் பெருங்களத்தூரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு கிளம்பினோம். போர் போட்டு, மோட்டார் போட்டு, பட்டனைத் தட்டினால் தண்ணீர். என் வாழ்க்கையின் லட்சியமே அதுதான். கிளம்புகிற நேரத்தில் நாலு தலைமுறை ஒரு பித்தளைக் குடம் நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஆட்டோவில் என் மடியில் வைத்தார். புது வீட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும், கண்ணம்மாவைக் கொஞ்சம் கூட அனுப்புகிறேன், குலுக்காமல் கொண்டுபோ என்றார். அதில் ஒரு வேப்பிலையும் மிதந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டின் பள்ளங்களில் கண்ணம்மா பாதி என் பேண்ட்டில் இறங்கிவிட்டாள். நான் திட்டிக்கொண்டே வந்தேன். மாலதி மட்டும் குடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன்.

ஓனர் மனைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குங்குமம் கொடுத்தபடி சொன்னாராம். “எங்க மாமனாரு ஒரே புள்ள. அவருக்கு அக்காவும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது. மத்த கதயெல்லாம் நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். அந்த அத்தைய மட்டும் உங்க வூட்டுக்காரரோட அக்கா வந்த அன்னிக்குத்தான் மொத மொதல்ல கேட்டேன்.”

வழி முழுக்க நான் அதற்குப் பிறகு திட்டவில்லை. ஒரு மின்னலைச் சேர்த்ததற்காகப் பங்காளியை விட்ட மனுஷன். குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

புது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆசிரியர், அமைதியை விரும்பி அங்கே வீடு கட்டியவர். வித்யாவின் பேச்சில் ஒரு மாதத்திலேயே இளைத்துப்போனார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, இந்தப் பெண் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் சார் என்று கேட்டார்.

“செங்கேணி அத்தையை” என்றேன்.

அது யார், உங்கள் வழியா, உங்கள் மனைவி வழியா என்று கேட்டார். மாலதி என்னைப் பார்த்தாள்.

“என் வழிதான் சார்” என்றேன். “எங்க அப்பாவோட அக்கா.”