இருபத்து மூன்றாம் வாக்கியத்தை நீக்கித் தரக் கோரும் விண்ணப்பம்

சாந்தா ப்ராக்சேதிஸ் கிராமம்,
ஓஹாகா மலைப்பகுதி,
அக்டோபர் 9.

மொழியியல் காலாண்டிதழின் மேன்மைமிகு ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

இக்கடிதம் தங்களைச் சுகமாகவும், சாப்பிட்டு முடித்து ஓய்வாக அமர்ந்திருக்கும் வேளையிலும் வந்தடையட்டும். தங்கள் தாயார், தந்தையார், உடன்பிறந்தோர், வீட்டில் வளரும் பிராணிகள் அனைவரும் நலமென்று நம்புகிறேன். இங்கே மழை போதுமான அளவு, சோளம் பரவாயில்லை, நான் மட்டும் நலமில்லை.

தங்கள் பரிசீலனையில் இருக்கும் ஒரு கட்டுரை தொடர்பாக எழுதுகிறேன். அதை எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே கூடாது என்பது தங்கள் விதியாம். எழுதியவரே சொன்னார். ஆகையால் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மூத்த மகள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என்னிடமிருந்து வராது. இந்தக் கட்டுரை வந்தால்தான் டிசம்பரில் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். ஏழு வருடம் படித்தவள் அம்மா, வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எங்கள் மொழியில் மனிதன் எரிச்சலோடு பேசும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு ஊரிலேயே பொருத்தமான ஆள் நான்தான் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. ஆகஸ்ட் திருவிழா முடிந்த மறுநாள் நான் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, "நீங்க பாட்டுக்குப் பேசுங்கப்பா" என்றாள். நானும் என் பாட்டுக்குப் பேசினேன். அதுதான் நான் செய்த பாவம்.

பிறகு தங்கள் கடிதம் வந்தது. ஊராரின் சம்மதம் ஊர் முத்திரையோடு இம்மாத இறுதிக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் ஊர் சபையைத் தங்களுக்குத் தெரியாது. தண்ணீர்க்குழாயோ, ரோடு வேலையோ, எந்தக் காகிதம் சபைக்கு வந்தாலும் செயலாளர் அதில் எண் போட்டிருப்பதை மட்டும் வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்வார். வேறு விதமாக வாசிக்க அவருக்குத் தெரியாது. மகள் மூளையைக் கசக்கி எழுதிய முதல் பதினைந்து பக்கத்தை, "இதெல்லாம் முன்னுரை" என்று எச்சில் தொட்டுத் திருப்பிவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் போய்விட்டார். ஒன்று: 'நாய் வந்துவிட்டது.' எல்லாக் கையும் எழுந்தது, நிறைவேறியது. இரண்டு: 'நாய் இன்னும் வரவில்லை.' பின்னால் யாரோ, "இப்பதானேய்யா வந்துடுச்சுன்னு முடிவு பண்ணோம்" என்று எழுந்து நிற்க, அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் நாயைத் தேட மூன்று பேர் கொண்ட குழு. என் மகள் எழுந்து, "இது தீர்மானம் இல்லைங்க, வெறும் எடுத்துக்காட்டு" என்றாள். "எதுவா இருந்தா என்ன தாயி, சபையில வாசிச்சா ஓட்டு உண்டு" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்படியே, அன்று சோளம் உதிர்த்தபடி நான் சொல்லித் தொலைத்த இருபத்து மூன்றுக்கு வந்தார்கள். 'அந்த டிராம்போன்காரன் திருவிழாவையே நாசம் பண்ணிவிட்டான்.' அம்மா, எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு டிராம்போன். அதை ஊதுகிறவர் அபுந்தியோ. அவர்தான் இந்த வருடத்து ஊர்த் தலைவர். சபைக்குத் தலைமை தாங்கி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய கடைசி மகனுக்கு நான் ஞானத்தகப்பன், நாங்கள் இருவரும் முப்பது வருடமாக ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுகிறவர்கள். தலைவர்தான் கைகளை எண்ண வேண்டும் என்பது முறை. அந்த மனிதர் எழுந்து நின்று, தன் மைத்துனனின் கை உட்பட, ஒவ்வொன்றாக எண்ணினார். ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பு ஒன்று, அது என் கை. "நிறைவேறியது" என்றார். முத்திரையை எடுத்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மனைவி க்ரெசென்சியா கதவைப் பாதி திறந்து, "ஹெர்மிலா அப்பா, அவரு வீட்ல இல்ல" என்றார். (பெயர் கைதவறி வந்துவிட்டது. மதிப்பிடுகிறவர்கள் இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடவும்.) உள்ளே டிராம்போன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் க்ரெசென்சியாவும் அது காதில் விழாத மாதிரி சோளத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். வான்கோழியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வாக்கியத்தை எடுத்துவிடு என்று மகளிடம் கெஞ்சினேன். "முடியாதுப்பா. ரெண்டாவது மதிப்பீட்டாளர் அந்த இருபத்து மூணுதான் கட்டுரைக்கே உயிருன்னு எழுதியிருக்காரு" என்றாள். அப்படியானால் அதே அளவு எரிச்சலில் வேறொன்று சொல்லித் தருகிறேன் என்று மூன்று நாள் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவளும் பாவம், காப்பியில் உப்பைப் போட்டாள், என் செருப்பை ஒளித்தாள், தேர்தலைப் பற்றிக்கூடக் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தால்தானே? கொம்பாத்ரே முகம் கண்ணில் நிற்கிறது, குரல் கம்முகிறது. "இது எரிச்சல் இல்லப்பா, துக்கம். துக்கத்துக்கு வேற கட்டுரை எழுதணும்" என்று கருவியை அணைத்துவிட்டாள்.

ஆகவே அம்மா, காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இரண்டாவது மதிப்பீட்டாளரிடம் எலி கடித்துவிட்டது என்று சொல்லுங்கள். முத்திரைக்குப் பதில் என் பத்து விரல் ரேகையையும் வைத்து அனுப்புகிறேன். என் மகள் வேலையும் போகக் கூடாது, எனக்கு என் கொம்பாத்ரேயும் வேண்டும்.

எங்கள் ஊர்ப் புனிதை தங்கள் இல்லத்தையும், இதழையும், தங்கள் கண்பார்வையையும் காப்பாளாக. இரண்டாவது மதிப்பீட்டாளரையும் காக்கட்டும், அவசரமில்லை.

தங்கள் பணிவுள்ள,
நிகாசியோ
(எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கக் குடும்பப் பெயரை விட்டிருக்கிறேன்.)

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். வெளியூர் அலுவலகங்களுக்குப் போகும் கடிதத்தைத் தலைவர் படித்துப் பார்த்துத்தான் தபால் பையில் போடுவார் என்பது இங்கே வழக்கம். எழுதும் மும்முரத்தில் அதை மறந்து தொலைத்தேன். சாயங்காலம் கொம்பாத்ரே கடிதத்தோடு வந்து நின்றார். நான் எழுந்து சுவரோரம் போய்விட்டேன்.

"இந்தப் பத்திரிகைய எத்தனை பேரு படிப்பாங்க, கொம்பாத்ரே?"

"நாப்பது பேரு இருக்கும்னு மக சொன்னா."

"எந்தெந்த ஊர்ல?"

"ஜெர்மனி, ஜப்பான், இன்னும் எங்கெங்கயோ."

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "முப்பத்தோரு வருஷமா ஊதறேன். இந்த மலையைத் தாண்டி என் டிராம்போனப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ ஒருத்தன் பேசினதில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். தொப்பியைக் கழற்றி முத்திரையைக் குத்தினார். சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. வாக்கியம் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே வர வேண்டும், அடியில் அவர் முழுப் பெயரும் வர வேண்டும் என்பது நிபந்தனை.

பிறகு சந்தோஷத்தில் டிராம்போனை எடுத்துவரச் சொல்லி, எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஊதினார். அவர் போனதும் நான் பேசியதையெல்லாம் மகள் பதிவு செய்துவிட்டாள். இருபத்து மூன்றைத் தூக்கிச் சாப்பிடும் ஏழு புது வாக்கியங்கள் கிடைத்தனவாம், அவற்றையும் இத்துடன் சேர்த்து, தலைவர் கண்ணில் படாமல் பட்டணத்துத் தபாலில் அவளே போடுகிறாள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை சபை கூடி இந்த ஏழுக்கும் கை தூக்குவதற்குள் அச்சிட்டுவிடுங்கள்.