எல்லாப் புத்தகத்திலும் ஓர் எருமை

கிள்ளான் பட்டணத்துக்கு ஒழுங்காகத் தூங்கக் கற்றுக்கொடுத்தவர் தலகாணி அக்காதான். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். அவர் வருவதற்கு முன்னால் தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் சும்மா கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் வேலையை நினைத்துப் படுத்திருந்தவர்கள்.

அக்கா டாக்டர் இல்லை, சாமியாரும் இல்லை. நூலகர். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஊர்ச் சங்கம் ஒன்று நடத்தும் தமிழ் நூலகம் அவருடைய ராஜ்ஜியம். ஒரே ஒரு நீள அறை, பழைய சாய்வு நாற்காலிகள், ஓர் ஏர்கோன். கல்யாண மண்டபத்துக்கு வாங்கியதை யாரோ புண்ணியவான் மனசு மாறி இங்கே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. அதைப் போட்டால் கேமரன் மலை குளிர் அடிக்கும். என் மேல்வீட்டுக்காரர் ஓயாமல் சுவரை இடித்துக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகைக்குப் பத்தி எழுத ஓர் அமைதியான இடம் தேடி நான் அங்கே போகத் தொடங்கினேன்.

அமைதிக்குக் குறைவில்லை. நாற்காலிக்கு ஒருவராகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை முடித்த லோரி டிரைவர்கள், சாப்பாட்டுக் கடையில் மத்தியான ஓய்வு கிடைத்த தமிழ்நாட்டுக்காரர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு பந்திங் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆன்டிகள். எல்லார் தலைக்குக் கீழேயும் ஒரு தலையணை, எல்லார் மடியிலும் ஒரு புத்தகம். கீழே துணிக்கடை ரேடியோ எங்கோ கிணற்றுக்குள் பாடுவதுபோல் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம் படியேறி வந்தது. ஒரு வரி எழுதுவதற்குள் எனக்கே கொட்டாவி.

தலையணைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணிக்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை அக்கா வாங்கி வந்து, இலவம் பஞ்சு அடைத்து, புத்தக வடிவத்தில் தைப்பார். முதுகுப்பக்கத்தில் நூலக எண்கூட நூலால் தைத்திருக்கும். அவற்றைப் புத்தகங்களோடு புத்தகமாக அலமாரியில் நிறுத்தி வைப்பார். நாவல் வரிசைத் தலையணைகள் பட்டு மாதிரி வழவழவென்று இருக்கும். வரலாற்று வரிசைக்கு முரட்டுத்துணி, கழுத்து சுளுக்கிக்கொள்ளும். கவிதை வரிசையில் இருப்பது அப்பளம்போல் மெல்லிசு. ஏனக்கா இப்படி என்று கேட்டால், கவிதைக்கு அவ்வளவு போதும், மிச்சத்தை அவரவர் தலை பார்த்துக்கொள்ளும் என்பார்.

சட்டம் ஒன்றே ஒன்று. மடியில் புத்தகம் இருந்தால் அவர் வாசகர், அவருக்குத் தலையணை உண்டு. புத்தகம் இல்லையென்றால் அவர் வெறும் ஆள், எழுந்து போகலாம். ஆகவே தூங்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். என்ன புத்தகம் என்று பார்த்து எடுத்தவர் ஒருவரும் இல்லை.

இங்கேதான் அக்காவின் இரண்டாவது பொழுதுபோக்கு வருகிறது. சேலைப்பெட்டி அட்டையை நீளவாக்கில் வெட்டி வைத்திருப்பார். யாராவது அசந்து தூங்கியதும், மேசையில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு அந்த முகத்தையே கொஞ்சநேரம் பார்ப்பார். பிறகு கலர் பென்சிலை எடுத்து அவர் காணும் கனவை அட்டையில் வரைவார். வரைந்ததை அவர் மடியிலிருக்கும் புத்தகத்தில் செருகிவிட்டு வருவார். தூங்கியவர் எழுந்து, அட்டையைப் பார்த்து, நான் இப்படியெல்லாம் கனவு காணவில்லையே என்று தலையைச் சொறிவார்.

"கண்டீங்க, மறந்துட்டீங்க. அந்தப் பக்கத்துல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க லா" என்பார் அக்கா.

விஷயம் இதுதான். அக்கா வரைவது அந்தப் புத்தகத்தில் கொஞ்சம் தள்ளி வரப்போகும் ஒரு காட்சியை. அங்கிருக்கும் புத்தகங்கள் எல்லாவற்றையும் அவர் படித்திருந்தார். அட்டை இருக்கும் பக்கத்தை மட்டும் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. முதலிலிருந்து வந்தால்தான் உண்டு. இப்படித்தான் பண்டமாரான் பக்கத்து லோரி டிரைவர்கள் நாவல் படிக்கத் தொடங்கினார்கள். இந்தத் தந்திரத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஒரே ஒரு குறை. அக்காவுக்கு வரைய வராது. சத்தியமாக வராது. குதிரை வரைந்தால் எருமை வரும். மோட்டார் சைக்கிள் வரைந்தால் கொம்பு வைத்த எருமை வரும். ஒருமுறை மலைமேல் கோயில் என்று காட்டினார். எருமைமேல் காக்கா உட்கார்ந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். பென்சிலால் என் முழங்கையில் ஒரு குத்து விழுந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சேகர் அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், ஆள் பனைமரம். அவர் மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தம்மா இங்கிருந்து எடுத்துப்போன நாவலைத் திருப்பிக் கொடுக்கத்தான் அண்ணன் வந்தார். அக்கா வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார், நூலகம் மூடும்வரை. அதன்பிறகும் அக்கா எழுப்பவில்லை. விளக்கை மட்டும் குறைத்துவிட்டு அவர் எழும்வரை தைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் அந்த மனுஷன் பயந்துவிட்டார். மனைவி போனதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். அறைக்குள் போனால் அந்தம்மாவின் கட்டில் பக்கம், ஹாலில் படுத்தால் அந்தம்மாவின் செருப்புச் சத்தம். தூங்காத ஆளைக் கிரேனில் ஏற்ற முடியாது என்று மேலதிகாரி கீழேயே நிறுத்தி வைத்திருந்தார். தூங்கினால்தான் மறுபடி மேலே போகலாம். இந்த நாற்காலியில்தான் முதன்முதலாகத் தூங்கியிருக்கிறார்.

அவர் கையிலிருந்த நாவலில் பாதிக்குமேல் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. அந்தம்மா அதுவரைதான் படித்திருந்தார். அன்றன்று படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குக் கதையாகச் சொல்வாராம். காணாமல்போன அப்பனைத் தேடி ஒரு பெண் தன் நாயோடு படகில் போகும் கதை. படகு நடுக்கடலில் இருக்கும்போது கதை சொன்னவர் போய்விட்டார். அக்கா புத்தகத்தைத் திருப்பி வாங்கவில்லை. மடித்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் அட்டையைச் செருகிக் கொடுத்தார். "மிச்சத்த நீங்கதான் அவங்களுக்குச் சொல்லணும் சேகரு. நாளைக்கும் வாங்க" என்றார்.

அண்ணன் தினமும் வந்தார். கொஞ்சம் படிப்பார், தூங்குவார், புது அட்டையோடு எழுவார். சில வாரங்களில் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வெளுத்தது. மறுபடி கிரேனில் ஏற்றுவதைப் பற்றி மேலதிகாரி பேச்செடுத்திருப்பதாக ஒருநாள் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர், ஆனால் உலகமே ஒரு காலைக்கூட்டம் என்று நினைப்பவர். படியேறி வந்தவர் குறட்டைச் சத்தத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு தலையணையை அலமாரியிலிருந்து உருவி, அதன் எண்ணைப் படித்து, என்னை ஏதோ உடந்தைக்காரனைப்போல் பார்த்தார். இது நூலகமா, தங்கும் விடுதியா என்று கேட்டார். சாய்வு நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்டூல் போடப்போவதாகச் சொன்னார். அதில் உட்கார்ந்து மீன்கூடத் தூங்க முடியாது.

அக்கா சத்தம் போடவில்லை. தூங்குகிற ஒவ்வொருவரும் படிக்கிறவர், வேண்டுமானால் எழுப்பிக் கேட்டுப் பாருங்கள் என்றார். ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும். வருகிற சனிக்கிழமை பரீட்சை என்று அறிவித்துவிட்டார். படிக்கவில்லை என்று தெரிந்தால் அன்று மாலையே ஸ்டூல் வந்துவிடும்.

சேகர் அண்ணன் அந்த வாரம் முழுக்க நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தூக்கம் மறுபடி போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது. செயலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதலில் எழுந்தவர் ஒரு லோரி டிரைவர், மடியில் துப்பறியும் நாவல். கதையைச் சொல்லச் சொன்னார் செயலாளர். கொலை, பணக்கார வீடு, காணாமல்போன நகை என்று டிரைவர் நன்றாகத்தான் தொடங்கினார். பிறகு, போலீஸ்காரர் எருமைமேல் ஏறித் துரத்துவார் என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்தவர் ராமநாதபுரத்துக்காரர், அரசர் கதை படிப்பவர். அவருடைய அரசர் எருமையில் போருக்குப் போனார். மூன்றாவதாக பந்திங் ஆன்டி. அது சமையல் புத்தகம். அதிலும் எருமை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பென்சில் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இந்த லைப்ரரியில எல்லாப் புத்தகத்துக்கும் எருமை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் செயலாளர்.

"அதுதான் சார் எங்களுக்கும் தெரியல" என்றார் டிரைவர், உண்மையான வருத்தத்தோடு. "எருமை எங்க வருதுன்னு தேடிக்கிட்டேதான் படிக்கிறேன். மொதல்ல எடுத்த கதைய முடிச்சாச்சு, வரல. அடுத்ததுல வரும்னு இன்னொண்ணு எடுத்தேன். அதுலயும் படம் இருக்கு, எருமையக் காணோம். இது நாலாவது புத்தகம் சார்."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ஆன்டி சமையல் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்திருந்தார். செயலாளர் பக்கங்களைப் புரட்டிக் குறுக்குக்கேள்வி கேட்டார். கொலைகாரன் யார், அரசரின் தம்பி ஏன் ஓடினான், ரசத்துக்கு எதை முதலில் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒரு வகுப்பு முழுக்க இப்படிப் பதில் சொல்லி அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் மனிதர் இறங்கி வரவில்லை. படிப்பது சரி, வீட்டில் தூங்கிவிட்டு வந்து படிக்கலாமே என்றார்.

அப்போது சேகர் அண்ணன் எழுந்து நின்றார். பரீட்சைக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு படகுக் கதையைச் சொன்னார். புயல் வந்தது, நாய் கடலில் விழுந்தது, அந்தப் பெண் அதைத் தலைமயிரைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்துப் போட்டாள். ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இதுக்குமேல படிக்கல சார். கடைசி பக்கங்கள் மிச்சம் இருக்கு. அத முடிச்சுட்டா வீட்டுக்காரிகிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காது. பயமா இருக்கு" என்றார். "வீட்டுல எனக்குத் தூக்கம் வராது சார். இந்த நாற்காலிய எடுத்துட்டீங்கன்னா நான் எங்க போறது?"

செயலாளர் மேசைமேல் கிடந்த வரலாற்றுத் தலையணையைக் கொஞ்சநேரம் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது ரொம்ப முரடாக இருக்கிறதே, வேறு துணி கிடைக்காதா என்று அக்காவிடம் கேட்டார். ஸ்டூல் வரவேயில்லை. குறட்டை மட்டும் கூடாது என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதற்கு அடுத்த வாரமே, துணிக்கடைக்காரர்வரை கேட்கும்படி குறட்டை விட்டவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது பிறகு வந்த ஒரு மழைநாள். அன்று மழை கடைத்தெருவையே மறைத்துவிட்டது. கீழே ரேடியோவும் நின்றுபோயிருந்தது. அக்கா மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் தூங்கவைத்த அந்த மனுஷி தூங்கி நான் பார்த்தது அன்றுதான். ராமநாதபுரத்துக்காரர் நாவல் வரிசையிலிருந்து பட்டுத் தலையணையை எடுத்து வந்து மெதுவாக வைத்தார். டிரைவர் போனில் வந்த அழைப்பை எடுக்காமல் அணைத்தார். சேகர் அண்ணன் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் நாவலைத் திறந்தார். மழை விடும்வரை தலை நிமிரவில்லை.

பிறகு பென்சில் டப்பாவை எடுத்தார். கிரேன் பிடிக்கிற அந்தக் கைக்குள் பென்சில் இருக்குமிடம் தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டையில் ஏதோ வரைந்து, அக்காவின் கைக்கடியில் இருந்த புத்தகத்தில் செருகினார்.

அக்கா எழுந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சேகரு இது, எருமையா?"

"படகுக்கா" என்றார் அண்ணன். "கரைக்கு வந்துருச்சு. ராத்திரி வீட்டுல போய்ச் சொல்லணும்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அட்டையை இப்போதும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நானும் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் எருமைதான், ஆனால் கரை சேர்ந்த எருமை.