ஜும்ஆவுக்குப் போன கறுப்பு வேட்டி

புது மாப்பிள்ளை தன் மாமனார் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகிற முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறதே, அது இறைவன் முன்னால் நிற்பது மட்டுமல்ல. ஊர் முன்னாலும் நிற்பது. இறைவன் மன்னித்துவிடுவான். ஊர் மறக்காது.

சென்னையில் என் வெள்ளிக்கிழமைகள் எளிமையானவை. குத்பா பிரசங்கம் முடியும் தறுவாயில் நுழைவேன். கடைசி வரிசையில் தொழுவேன். தொழுகையின் கடைசி ஸலாம் சொன்னதும் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுவேன். பக்கத்தில் தொழுதவர் யாரென்று தெரியாது. (அலுவலகத்தைச் சாக்காக வைத்துப் போகாத வெள்ளிகளும் உண்டு.)

கல்யாணம் முடிந்து தென்காசி வந்த முதல் வியாழனன்றே மாமனார் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஊரே பள்ளிக்கு வரும், மாப்பிள்ளை. எல்லாரும் ஒங்களைப் பாக்கணும்னு சொல்லுதாங்க. சீக்கிரம் குளிச்சு ரெடியாயிருங்க."

ஜும்ஆவுக்குக் குளிப்பது நன்மை. அதை வீட்டிலேயே செய்திருக்கலாம். குற்றாலம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வாளித் தண்ணீரா என்று மறுநாள் காலையில் ஐந்தருவிக்கு ஆட்டோ ஏறினேன். கார்த்திகை மாதம். எங்கு பார்த்தாலும் சபரிமலைக்குப் போகிற சாமிமார். கல்யாண வேட்டி, சட்டை, தொப்பி எல்லாவற்றையும் பையில் மடித்து வைத்தேன். மனைவிக்கு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸையும் அதிலேயே வைத்தேன். அங்கேதான் விழுந்தது அடி.

குளித்துத் திரும்பினால், பை மரத்தின் மேல் ஒரு குரங்கின் மடியில் இருந்தது. வேண்டாததை ஒவ்வொன்றாக வீசியது. சட்டை வந்தது. தொப்பி வந்தது. பர்ஸ்கூட வந்தது. வேட்டி மட்டும் எட்டாத கிளையில் மாட்டி, கட்சிக்கொடி மாதிரி பறந்தது. உடுத்தி வந்த கைலி குளித்ததில் நனைந்து சொட்டியது. பக்கத்துக் கடைகளில் துண்டும் அரைக்கால் டவுசரும்தான் தொங்கின. வீட்டுக்குப் போய் மாற்றவும் நேரமில்லை.

ஈரத்துண்டோடு நடுங்கிய என்னைப் பார்த்து ஒரு சாமி தன் பையிலிருந்து கறுப்பு வேட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "துவைச்சதுதான், கெட்டிக்கிடுங்க சாமி."

"இல்லைங்க, நான் முஸ்லிம். ஜும்ஆவுக்குப் போகணும்."

"அப்பம் வெரசா கெட்டுங்க. தொழுகைக்கு நேரமாவுதுல்லா!"

திருப்பித் தருவது எப்படி என்று கேட்பதற்குள் அவருடைய வேன் கிளம்பிவிட்டது.

ஆட்டோக்காரர், "பள்ளிவாசல்ல என்ன சாமி ஜோலி?" என்றார். நான் தொப்பியை எடுத்து மாட்டினேன். அவர் கண்ணாடியில் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய மாமனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் குரங்கு, சிப்ஸ், சாமி என்று உளறி முடித்தேன். பின்வரிசையில் ஒளிந்துகொள்கிறேன் என்றேன்.

"வேட்டி சுத்தமாத்தானே இருக்கு? பொறவென்ன? தொப்புளுக்கு மேல ஏத்திக் கெட்டுங்க. வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

வெள்ளை வேட்டிகளின் நடுவே நான் ஒருவன் கறுப்பாக உட்கார்ந்தேன். அன்றைய பயானில் பேச எடுத்த பொருள், வெள்ளிக்கிழமை வெள்ளாடை உடுத்துவதன் சிறப்பு. (சத்தியமாக.) பேசிக்கொண்டிருந்த ஹஜ்ரத் என்னைக் கவனித்ததும் ஒரு நொடி தடுமாறி, பேச்சை நல்லெண்ணத்தின் சிறப்புக்குத் திருப்பினார்.

தொழுகை முடிந்ததும் தப்பிக்க முடியவில்லை. கை கொடுக்க வரிசையே நின்றது. சவூதியிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் எல்லோரும் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். கூடவே என் பெயரைக் கேட்டார்கள், வேலையைக் கேட்டார்கள், சாப்பிட வரச்சொன்னார்கள். அத்தனை வருடம் ஜும்ஆ தொழுதும், ஒரு பள்ளியில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமனார் மெதுவாகக் கேட்டார். "அந்தச் சாமிக்கு துஆ செஞ்சீங்களா?"

"முதல்ல அவருக்குத்தான் வேண்டிக்கிட்டேன், மாமா."

இப்போதும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமானால் சென்னையில் என் போன் அடிக்கும். ஸலாம் முடிந்ததும் மாமனாரின் கேள்வி ஒன்றே: "மாப்பிள்ளை, இடுப்புல வேட்டி இருக்கா?" பின்னால் மொத்தக் குடும்பமும் சிரிப்பது கேட்கும்.

"இருக்கு மாமா" என்பேன். அதன் பிறகு எப்படிப் பள்ளிக்குப் போகாமல் இருப்பது?