படகில் ஏறிய டிரைவரும் கண்டக்டரும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். உன் வீட்டுக்காரரும் சௌக்கியம். இந்தத் தடவை அதை அவரிடமே கேட்டு எழுதுகிறேன்.

"ரெண்டு பேரும் பேசாம திரும்பி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லித்தானே எங்களை இந்த அணைக்கட்டுக்கு அனுப்பினாய்? சொன்னால் செய்கிறவள் நீ. பயந்துகொண்டுதான் வந்தேன். ஆனாலும், ஒரே பஸ்ஸில் காலமெல்லாம் நான் ஓட்ட, அவர் டிக்கெட் கிழிக்க என்று இருந்துவிட்டு, என் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து, "எங்க மச்சானுக்கு ரிவர்ஸ் மட்டும் வராதுங்க" என்றவரிடம் நானாகப் போய்ப் பேசுவதா? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

இடம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அணை தடுத்த தண்ணீர் மலை இடுக்கெல்லாம் புகுந்து வளைந்து நெளிந்து கிடக்கிறது. இரு கரையும் காடு. இலை விழுந்தால் கேட்கும். படகுக்காரரை அவர் கூப்பிட்டிருப்பார் என்று நான் ஏறினேன். நான் கூப்பிட்டிருப்பேன் என்று அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கரை தள்ளிப் போன பிறகுதான் தெரிந்தது, படகில் நாங்கள் மட்டும்தான். சரி, ஸ்டியரிங் பிடித்த கைதானே என்று துடுப்பை எடுத்தால், தங்கச்சி, அதைப் போடுறவன் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் போகணுமாம்! முழுப் பயணமும் ரிவர்ஸ்! எதிரே உக்காந்திருந்த உன் வீட்டுக்காரருக்கு வழி தெரியுது, வாயைத் திறக்கலை. ஒரு வளைவுல புதருக்குள்ள புகுந்தோம், அடுத்த வளைவுல முங்கிக் கிடந்த மரத்துல முட்டினோம். எல்லா வளைவும் ஒரே மாதிரி. வந்த வழியும் தெரியலை. நான் துடுப்புப் போடுறதையே நிறுத்திட்டேன். அவர் முகத்துல ஈயாடலை. அப்பத்தான் மனுஷன் எழுந்து நின்னு, தொண்டையைக் கனைச்சு, "போலாம் ரைட்!"னார். என் கை தானா இழுத்துச்சு. "எந்தப் பக்கம் மாப்ளே?"ன்னேன். "லெஃப்ட்ல ஒடிங்க மச்சான், ஒடிங்க... வரலாம், வரலாம்... ஹோல்டான்!" அணைச் சுவர் தெரியற வரைக்கும் வாய் ஓயலை. ஒரு மரம்கூட உரசலை. கரையில இறங்கி ரெண்டு பேரும் சிரிச்சோம் பாரு, வயிறு வலிச்சுப்போச்சு. அந்தக் குரலைக் கேக்காம நான் எவ்வளவு ஏங்கிப் போயிருக்கேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

ஆகவே, முதலில் பேசியவர் அவர். சண்டை தீர்ந்தது. எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டார். 'போலாம் ரைட்' பேச்சில் சேராதாம், அது டியூட்டியாம். "மாப்ளே" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்தானாம்! மேலே எழுதியதெல்லாம் ரத்து. இனி எங்களுக்குள் பேச்சே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "'பேச்சே கிடையாது'க்குக் கீழ கோடு போடுங்க மச்சான், அவ நம்பமாட்டா" என்கிறார். போட்டிருக்கிறேன்.