ஆன்றோவின் மூளை

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள். திரையில் கொட்டிக்கொண்டிருந்த வரிகளை ஜெபகுமாரி கண்ணிமைக்காமல் பார்த்தாள். பின்னால் நின்ற துறைத்தலைவர் வள்ளிநாயகம் தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா, இதத்தான் விழாவுல ஓட்டிக் காட்டுதேன்னு மீட்டிங்குல எந்திச்சு நின்னு சொன்னியா?"

"ஓடும் சார்."

"பன்னெண்டு நாளுதான் இருக்கு. அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு, கேட்டியா?"

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் ஜெபகுமாரி ஆய்வகப் பயிற்றுநர். பிரிண்டரில் மை தீர்ந்தால் மட்டும் எல்லோருக்கும் அவள் பெயர் நினைவுக்கு வரும். வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஒரு விரிவுரையாளர், "பழைய மாணவர்கள் செய்த அந்த விளையாட்டு இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது, குப்பையில் போடலாம்" என்று சொல்லப்போக, அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. 1998இல் அதைச் செய்த இரண்டு மாணவர்களில் ஒருத்தி அவள். மற்றவன் மார்த்தாண்டத்து ஆன்றோ. விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 'கோட்டை வாசலில் நிற்கிறாய்' என்று வரும். 'வடக்கே போ' என்று தட்டினால் போகலாம். ஆய்வகத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே கோட்டைக்குள் புகுந்து ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கலாம். மாநில அளவில் பரிசு வாங்கியது.

சேர்ந்து செய்தது என்று சொல்ல ஜெபகுமாரிக்கே கூச்சம். அவள் எழுதியதைப் பிளாப்பி வட்டில் போட்டு ஆன்றோவிடம் கொடுத்த வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டது. ஒரு மாதம் கடியப்பட்டணத்து வீட்டில் பாயோடு கிடந்துவிட்டுத் திரும்பியபோது ஆன்றோ சொன்னான்: "ஒனக்க புரோகிராம் சரிப்படல்ல மக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டு நானே முதல்லேருந்து எழுதிட்டேன்." மனசு விட்டுப்போய் அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரிசு மேடையில் அவனுக்கு ஒரு அடி பின்னால் நின்றாள். இப்போது அவன் பெங்களூரில் பெரிய ஆள், வெள்ளிவிழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறாள்.

எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலர் தாராள குணம் கொண்டது, எதை எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். புதியது எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டது. நான்கு நாள் உட்கார்ந்து பிழைகளை முந்நூறாகக் குறைத்தாள். ஐந்தாம் நாள் ஒரே ஒரு கட்டளையின் பெயரை மாற்றினாள், இரண்டாயிரமானது.

"சவத்துப் பய, இத இப்பிடியா எழுதுவான்?" என்று வீட்டில் வந்து பொரிந்தாள்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் பகல் ஷிப்டு முடித்து வந்திருந்த கணவன் கிளீட்டஸ், "அந்தச் சவத்துப் பயலுக்குத்தான் மால போடப்போறிய?" என்றான்.

எட்டாம் நாள் பிழை ஒன்றுமில்லாமல் கம்பைல் ஆனது. சோதித்துப் பார்க்க வீட்டுக் கம்ப்யூட்டரில் கிளீட்டஸை உட்கார வைத்தாள். அவன் ஒற்றை விரலால் தட்டினான்.

"ஏட்டி, நான் இன்னும் பேரே சொல்லல்ல. அதுக்குள்ள வாசல்ல நிக்க காவல்காரன் வெட்டிட்டான்."

காவல்காரன் உள்ளே வந்தவர்களையெல்லாம் வெட்டினான். தேடிப் பார்த்தால், காவல்காரனின் கோபம் எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. பழைய இயந்திரத்தில் அது பூஜ்யத்தில் தொடங்கியிருக்கிறது, புதியதில் இருநூறு கோடியில் நின்றது. அவள் ஆன்றோவுக்குப் போன் போட்டாள்.

"காவல்காரன் எல்லாரையும் வெட்டுதான். ஏன் ஆன்றோ?"

"வெட்டுதானா? நீயே பாத்துக்கோ மக்கா. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

மறுநாளும் மீட்டிங். அதற்கு அடுத்த நாளும் மீட்டிங்.

கோபத்தில் அவள் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைத்தாள். காவல்காரன் சாந்தமானான். ஆனால் வருபவர்களின் உயிரும் பூஜ்யத்தில் தொடங்கியது. எல்லோரும் பிணமாகவே உள்ளே நுழைந்தார்கள், காவல்காரன் ஒவ்வொரு பிணத்துக்கும் வணக்கம் வைத்தான்.

"நான் செத்துப்போனேன்னு போட்டிருக்கு," என்றான் கிளீட்டஸ். "ஆனாலும் வடக்க போயிட்டிருக்கேன்."

ஆன்றோவை ஏசிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்க உட்கார்ந்தாள். சண்டைப் பகுதிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டாள். இருபது பேர் ஒரே நொடியில் வாளை வீசினாலும் யாருடைய அடியும் தவறாமல் வரிசையில் விழும்படி முப்பதே வரியில் எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தாள்.

"மூளன்னா இதுதான்," என்றாள். "அடுத்த வரியில என்ன செய்திருப்பான்னு நெனைக்கேனோ, அதத்தான் செய்திருக்கான். அவனுக்க மூள எப்பிடிப் போவும்னு எனக்கு இப்பம் நல்லாத் தெரியும்."

"கெட்டினவனுக்க மூள பத்து வருசமா பிடிகிட்டல்ல," என்றான் கிளீட்டஸ். "அவனுக்கது மட்டும் பத்து நாளுல பிடிகிட்டிச்சாக்கும்."

பிடிகிட்டியது உண்மைதான். அவன் எப்படி யோசித்திருப்பான் என்று யூகித்து யூகித்தே மிச்சத்தையும் சரிசெய்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் கோட்டை நின்றது, விழவில்லை.

விழாவில் நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தார்கள். பெரிய திரையில் எழுத்துகள் ஓட ஓட அரங்கம் கூச்சலிட்டது. வள்ளிநாயகமும் ஆசையாக உட்கார்ந்து 'வடக்கே போ' என்று தட்டினார். காவல்காரன் அவரை வெட்டிச் சாய்த்தான்.

"என்னம்மா, பிழை இன்னும் கெடக்கா?"

"பிழை இல்ல சார். வணக்கம் வைக்காம உள்ள போனா வெட்டுவான். அது விதி."

அரங்கம் அதிர்ந்தது. பிரின்ஸிபால் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "டீச்சர், மேடைக்கு வாங்க" என்று அழைத்தார். முன்வரிசையில் இருந்த கிளீட்டஸ் பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்க வீட்டுக்காரி" என்றான், கேட்காமலே.

ஜெபகுமாரி மைக்கைப் பிடித்தாள். "செத்துக்கெடந்தத ஓட வச்சது நான்தான். அதச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்ல. ஆனா எழுதின மூள என்னுது இல்ல. பதினஞ்சு வருசம் முன்னால இப்பிடி எழுத ஒரு ஆளாலதான் முடியும்." சால்வையை எடுத்து ஆன்றோவின் தோளில் போட்டாள். கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது.

ஆன்றோ சால்வையைக் கழற்றி மடித்தான். மைக்கை வாங்கினான். முகம் வேர்த்திருந்தது.

"ஒனக்க பிளாப்பியில நான் ஒரு வரிகூட அழிக்கல்ல ஜெபா. எனக்க பேர மட்டுந்தான் சேத்தேன்."